ஆண்மையும் உடற்பயிற்சியும்

ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தத்திற்குச் சமம் என்ற பேச்சைக் கேளாத தமிழர் நம்முள் அரியர். மல்யுத்தக் களத்திலும், சிலம்பக் கூடத்திலும், லேகிய விளம்பரத்திலும் இப்பாடமே வழிவழியாக ஓதப்பட்டு வந்தது. உடலை வளர்ப்போன் மனைவியை மறக்கவேண்டும். மனைவியை நாடுவோன் உடல்வலியை இழப்பான் என்பதே இதன் சாரம். இக்கொள்கை எங்கிருந்து வந்தது, இதனால் எவர் பிழைத்தனர், உண்மைதான் யாது என்பவற்றை இங்கு ஆராயப் புகுகின்றோம். இது கூசத்தக்க பொருளன்று. கூச்சத்தினாலேயே நம் ஆடவர் பலர் மருத்துவரை விட்டு மோசக்காரரை நாடினர் என்பதை அறிவோர், இதனை வெளிப்படையாக எழுதுதலைக் குறை கூறார்.

இவ்வச்சம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. விந்தைக் காத்தலே வலிமை என்பது இந்தியாவின் பழைய துறவுக் கொள்கைகளுள் ஒன்று. ஐரோப்பாவிலோ, டிசோ என்னும் சுவிஸ் மருத்துவர் 1760இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூல், விந்து வீணாவதால் கண்ணொளி மங்கும், சித்தம் கலங்கும் என்று அச்சுறுத்திப் பல மொழிகளிற் பரவிற்று. ஆங்கில ஆட்சிக் காலத்தில் இவ்விரு அச்சங்களும் நம்மிடையே கைகோத்து நின்றன. 1904-05இல் உலகப் புகழ் பெற்ற பலசாலி யூஜின் சாண்டோ இந்தியாவிற்கு வந்து சென்றார். தேகப்பயிற்சியில் நாட்டம் பெருகியது. பலசாலிகளுக்குச் 'சாண்டோ' என்பதே பட்டமாயிற்று. திரைப்பட முதலாளி சின்னப்பா தேவரையும் அப்பட்டத்தோடுதான் நாம் அறிவோம். பயிற்சி பரவியது நன்று. ஆயினும் பழைய பயமும் அதன் தோளில் ஏறிக்கொண்டு உடன் வந்தது. 1960இல் இந்திய மனநல மருத்துவர் விக் என்பார் அப்பயத்திற்குத் 'தாது நோய்க்குறி' எனப் பெயரிட்டார். விந்து கழிந்து உடல் தேய்கின்றதென நடுங்கி வருவோருள் பெரும்பாலோர்க்கு அவ்வகையில் உடற்குறை ஏதுமில்லை. பயமே அவர்தம் நோய்.

இனி, நம் பேராவின் கதைக்கு வருவோம். 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகள் பால்மரத் தோட்டங்களாயின. நம் முன்னோர் கங்காணிமார் வழியே கப்பலேறி வந்தனர். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் சீவி, பால் வாளிகளைச் சுமந்து நாள்தோறும் பல மைல் நடந்தனர். ஆயினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ்வார் கூற்றை நாம் ஒப்போம். மலேரியாவும், அரைவயிற்று உணவும், கள்ளுக்கடையும் சேர்ந்து அவ்வுடல்களைத் தின்றன. பிறர் லாபத்திற்காகத் தேயும் உழைப்பு வேறு. தன் நலம் கருதித் தானே மேற்கொள்ளும் பயிற்சி வேறு.

இவ்வேற்றுமையை உணர்ந்த தொழிலாளரும் இருந்தனர். போர் முடிந்தபின் 1946இல், கெடாவின் தோட்ட இளைஞர் தொண்டர் படை அமைத்து, அணிவகுத்துப் பயிற்சி செய்து, கள்ளை எதிர்த்து மறியல் நடத்தினர். 1947இல் போலீசார் அவ்வியக்கத்தை ஒடுக்கினர். படை கலைந்தது; தன் உடலைத் தானே பேணுதல் தன்மானத்தின் ஒரு பகுதி என்னும் பாடம் மட்டும் நமக்கு எஞ்சியது.

விடுதலைக்குப் பின் வெள்ளையர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. அதனால் தொழிலாளர் வீடிழப்பதைக் கண்டு, சுங்கை சிப்புட் பெற்ற மகனான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தன. நடை நின்றது, மோட்டார் சைக்கிளும் நாற்காலியும் வந்தன, சோற்றின் அளவோ குறையவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்த மலேசியருள் நீரிழிவுடையோர் 18.3 விழுக்காடு, இந்தியருள் மட்டும் 31.4 விழுக்காடு. பரம்பரையும் இதற்கு ஒரு காரணமே. ஆனால் பரம்பரையை மாற்ற இயலாது. பழக்கத்தை மாற்றலாம் அன்றோ?

நீரிழிவுக்கும் ஆண்மைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். ஆணுறுப்பின் எழுச்சி இரத்த ஓட்டத்தால் ஆவது. நரம்பு ஏவியவுடன் நிட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு சுரக்க, இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்து, இரத்தம் நிறைகின்றது. குழாய்களை விரிக்கும் அவ்வாயுவின் செயலைக் கண்டறிந்தமைக்கே பர்ச்காட், இக்னாரோ, முராட் என்னும் மூவர்க்கு 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புகை, கொழுப்பு ஆகியவை அக்குழாய்களைக் கெடுக்கின்றன. உடற்பயிற்சியோ அவற்றைப் பேணுகின்றது. அவ்வுறுப்பின் குழாய்கள் இதயக் குழாய்களினும் சிறியவை. ஆதலின், எழுச்சிக் குறைவு பலர்க்கு இதய நோய் வருமுன்னரே வரும் எச்சரிக்கையாகின்றது.

இதற்குச் சான்றுகளும் உள. 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முப்பத்தோராயிரத்திற்கு மேற்பட்ட ஆடவரை ஆராய்ந்து, உடலை நன்கு இயக்குவோர்க்கு இக்குறை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருப்பதைக் காட்டிற்று. 2004இல் இத்தாலிய மருத்துவர், உடல் பருத்து இக்குறையும் உடைய 110 ஆடவரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் அளவாக உண்டு, மிகுதியாக நடந்தனர். ஈராண்டில் அப்பிரிவின் 55 பேருள் 17 பேர் இயல்பு நிலைக்கு மீண்டனர். மற்றப் பிரிவில் மீண்டோர் மூவரே. 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய மற்றோர் அறிக்கை, வாரம் நான்கு முறை, முறைக்கு 40 நிமிடம், ஆறு மாதம் என்று அளவும் கூறிற்று.

வியப்பு என்னவெனில், நம் பழைய வைத்தியமும் இதற்கு மாறன்று. சுசுருத சம்ஹிதை, நீரிழிவைச் சார்ந்த பிரமேக நோயுற்ற ஏழை, குடையும் செருப்புமின்றி நூறு யோசனை தூரம் நடக்கவேண்டும் என்று விதிக்கின்றது. அந்நடையை மறந்து, தாது அச்சத்தை மட்டும் நாம் போற்றி வைத்துக்கொண்டோம்!

அச்சம் இருக்குமிடத்தில் வாணிபம் செழிக்கும். அன்று லேகியம் விற்றது. இன்று 'ஆண்மைக் காப்பி' விற்கின்றது. அத்தகைய பொடிகளுள் சில்டெனாபில், தடலாபில் போன்ற மருந்துகள் ஒளித்துக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டறிந்து எச்சரித்துள்ளது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உண்போர் அறியாமல் இதனையும் பருகின், இரத்த அழுத்தம் சரிந்து உயிர்க்கே ஆபத்தாகும். தசை பெருக்க ஸ்டிராய்டு ஊசி போடும் இளைஞரும் ஏமாறுவோரே. அது விதைகளைச் சுருக்கி, விந்தணுக்களைக் குறைத்துவிடும். கண்ணாடியில் ஆண்மை பெருகுவது போல் தோன்றும், உள்ளே குறைந்துகொண்டிருக்கும்.

தோழர்களே, இல்லறமும் உடல்வலியும் பகைகள் அல்ல. ஒரே இரத்தக் குழாயால் வளர்வன. ஈப்போவாசிகளுக்குப் போலோ திடலும் சீனிவாசகம் பூங்காவும் உள்ளன. தோட்டத்தார்க்குச் செம்பனைச் சாலைகளும் பந்துத் திடலும் உள்ளன. நடப்பதற்குக் கட்டணமில்லை. குறை உள்ளதெனில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்து, மருத்துவரிடம் மறைக்காது கூறுக, மனைவியிடமும் கூறுக. கணவன் தன் குறையை மூடி வைக்க, மலடி என்னும் பழியை மனைவி சுமந்த வீடுகள் நம் சமூகத்தில் எத்தனையோ! அப்பழியை இறக்கி வைப்பதே நாம் செய்யவேண்டிய முதல் பயிற்சி.