தென்கண்டமும் நம்ம தீவும்



ஆஸ்திரேலியா என்றதும் கங்காருவும் கம்பளி ஆடும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் தென்கண்டத்துக்கும் நம்ம பினாங்குக்கும் பழைய உறவு உண்டு.

ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒரே நிலமாகக் கிடந்தன. அதன் பெயர் கோண்டுவானா. நடு இந்தியாவின் கோண்டு மக்களுடைய நாட்டுப் பெயர் அது. அவர்களின் கோண்டி மொழி தமிழுக்கு உறவு மொழி. மலாயாவின் மேற்குப் பகுதியும் அன்று ஆஸ்திரேலியாவின் ஓரத்தில் ஒட்டியிருந்து, பிறகு பிரிந்து வடக்கே நகர்ந்து வந்ததுதான். பனிக்கட்டி சுமந்துவந்து கடல் சேற்றில் போட்ட கற்களை லங்காவிப் பாறைகளில் இன்றும் காணலாம். வெயில் நாட்டில் பனியா என்று கேட்காதீர்கள். கல் பொய் சொல்லாது!

அடுத்த உறவு மனிதரால் வந்தது. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடி ஏற்றினார். இங்கே சிறுவயதைக் கழித்த அவர் மகன் வில்லியம் லைட்தான், 1836இல் தென் ஆஸ்திரேலியா போய் அடிலெய்டு நகருக்கு இடம் தேர்ந்தவர். கார்ன்வாலிஸ் கோட்டையிலுள்ள தந்தையின் சிலையைக்கூட மகனின் முகச்சாயலில்தான் வடித்தார்கள்.

ஆனால் அடிலெய்டு சமவெளி காலி இடமா? இல்லை. கௌர்னா மக்கள் அங்கே குடியிருந்தார்கள். அந்தக் கண்டத்தில் ஆதிக்குடிகள் 50,000 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வந்தார்கள். 1788இல் சிட்னியில் குடியேறிய ஆங்கிலேயரோ, அதை யாருக்கும் சொந்தமில்லாத நிலம்போல எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பொய்யை உடைத்தவர் ஒரு தொழிலாளி. பெயர் எடி மாபோ. டோரஸ் நீரிணைத் தீவுக்காரர். கரும்பு வெட்டினார், ரயில் பாதையில் உழைத்தார், பல்கலைக்கழகம் ஒன்றில் தோட்டக்காரராக இருந்தார். தன் முன்னோர் நிலம் சட்டப்படி அரசாங்கத்துடையது என்பதை அங்கிருந்த வரலாற்று ஆசிரியர்கள் சொல்லித்தான் அறிந்தார். சும்மா இருந்தாரா? 1982இல் சிலரோடு சேர்ந்து வழக்குப் போட்டார். 3.6.1992இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அந்தத் தீவு மக்களின் உரிமையை ஏற்றது. தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே கண் மூடிவிட்டார்.

"தோட்டத்துப் பிள்ளைக்கு வரலாறு எதுக்கு?" என்று சில பேர் கேட்பாங்க. அவர்களுக்கு மாபோவின் கதையைச் சொல்லுங்கள். மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எந்தத் தோட்டத்தில் உழைத்தவர்கள் என்று இன்றைக்கே கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதாத வரலாறு காற்றோடு போய்விடும்.