மூச்சுக்குழாய் அடைப்பிற்கு ஒளி இயக்கச் சிகிச்சை: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

நுரையீரல் புற்றுநோய்க் கட்டி மூச்சுக்குழாயின் உட்புறம் வளர்ந்து வழியை அடைக்கும்போது மூச்சுத்திணறல், தொடர் இருமல், சளியில் இரத்தம், அடிக்கடி நிமோனியா ஆகியவை ஏற்படலாம். பேரணாம்பட்டு, ஆம்பூர் வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிலில் உள்ளோர், நீடித்த இருமலைத் தூசியாலோ பீடியாலோ வருவது என எண்ணி விட்டுவிடக் கூடாது. இருமல் 2 வாரங்களைக் கடந்தால் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் செய்துகொள்ளுங்கள்.

சிகிச்சை எவ்வாறு செயல்படுகிறது?

போர்ஃபிமர் சோடியம் என்னும் மருந்து நரம்பு ஊசியாகச் செலுத்தப்படுகிறது. பெரும்பாலான திசுக்களிலிருந்து இது விரைவில் நீங்கிவிடும். புற்றுநோய்க் கட்டியிலும் தோலிலும் நீண்ட நாள் தங்கும். 40 முதல் 50 மணி நேரத்திற்குப் பின், பிராங்கோஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவி வழியாக 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளி கட்டியின்மீது பாய்ச்சப்படுகிறது. ஒளி பட்டதும் மருந்து, திசுவிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து புற்றணுக்களை அழிக்கிறது. 2 அல்லது 3 நாட்களில் மீண்டும் பிராங்கோஸ்கோப் செலுத்தி, இறந்த திசுக்கள் அகற்றப்படும்.

யாருக்குப் பொருந்தும்?

முற்றிய நிலையில் அடைப்பைக் குறைத்து மூச்சை எளிதாக்க இச்சிகிச்சை உதவும். நோயை முழுமையாக நீக்காது. அறுவை சிகிச்சைக்கோ கதிர்வீச்சிற்கோ இயலாத சிலருக்கு, மிகச் சிறிய தொடக்கநிலைக் கட்டியை அழிக்கவும் பயன்படும். ஆஸ்துமா, புகையால் வரும் நாள்பட்ட நுரையீரல் நோய், காசநோய்த் தழும்பு ஆகியவற்றால் ஏற்படும் சுருக்கத்திற்கு இது சிகிச்சையன்று. போர்ஃபிரியா நோய் உள்ளோருக்கும், பெரிய இரத்தக்குழாயைக் கட்டி அரித்துள்ளோருக்கும் அளிக்கக் கூடாது. கடும் மூச்சுத்திணறலில் இரு நாட்கள் காத்திருக்க இயலாதாகையால், ஸ்டென்ட் போன்ற விரைவான முறைகளே தேவைப்படும்.

வெயிலிலிருந்து பாதுகாப்பு

ஊசி போட்ட நேரம் முதல் குறைந்தது 30 நாட்களுக்கு வெயில் பட்டால் தோல் சிவந்து, வீங்கி, கொப்புளிக்கும். சிலருக்கு இந்நிலை 90 நாட்கள் வரை நீடிக்கலாம்.

• முழுக்கைச் சட்டை, கையுறை, அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றை ஊசிக்கு முன்பே ஆயத்தம் செய்யுங்கள்.
• வீடு திரும்பும் பயணத்தை மாலை இருட்டிய பின் வைத்துக்கொள்ளுங்கள்.
• வெயிலுக்குப் பூசும் களிம்பு இம்மருந்தின் விளைவைத் தடுக்காது.
• இருட்டறையில் அடைந்திருக்க வேண்டாம். வழக்கமான வீட்டு விளக்கொளி, தோலில் எஞ்சிய மருந்து மெல்லச் செயலிழக்க உதவும். சன்னல் வழி வரும் நேர் வெயிலைத் தவிருங்கள்.
• பல் மருத்துவரிடம் சென்றால் இம்மருந்து பெற்றதை முதலில் கூறுங்கள். அங்குள்ள வலுவான விளக்கும் தோலைப் பாதிக்கும்.
• 30 நாட்களுக்குப் பின் கையின் சிறு பகுதியை மட்டும் 10 நிமிடம் வெயிலில் காட்டுங்கள். 24 மணி நேரத்தில் சிவப்போ வீக்கமோ தோன்றாவிடில், மருத்துவரைக் கலந்து படிப்படியாக வெளியில் செல்லலாம்.

தோல் உலர்த்தும் களத்தில் பணிபுரிவோர் இக்காலம் முழுவதும் விடுப்பு எடுப்பது அவசியம். குடும்ப வருமானம் தடைப்படும் என்பதால், சிகிச்சைக்கு ஒப்புதல் அளிக்கும் முன்பே இது குறித்து வீட்டாருடன் பேசி முடிவு செய்யுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டியவை

மூச்சுத்திணறல் அதிகரித்தல், இருமலில் இரத்தம், கடும் நெஞ்சுவலி, காய்ச்சல். ஒளி பட்ட இடம் வீங்கியோ இறந்த திசு தேங்கியோ மூச்சுவழி மீண்டும் அடைபடலாம். தாமதிக்காமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

எங்கு அணுகுவது?

இச்சிகிச்சை எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் முதலில் பரிசோதித்து, அடுக்கம்பாறையிலுள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம். உங்களுக்கு ஏற்ற சிகிச்சை எது என்பதை நுரையீரல், புற்றுநோய் மருத்துவர்கள் முடிவு செய்வர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை உடன் கொண்டு செல்லுங்கள். எச்செலவுகள் அதில் அடங்கும் என்பதை முன்னரே கேட்டறியுங்கள்.