வெற்றிடப் பம்பு
மூடிய கலத்திலிருந்து காற்றையும் ஆவியையும் வெளியேற்றும் எந்திரம். சித்தூர், திருப்பதி வட்டார மாங்கூழ் ஆலைகளில், தோத்தாபுரி எனப்படும் கிளிமூக்கு மாம்பழக் கூழைச் சுண்டவைக்க இது தேவை. அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் எட்டில் ஒன்றானால் நீர் 50° செல்சியசிலேயே கொதிக்கும். கூழ் கருகாது, நிறமும் பெரிதாக மாறாது. ஆவியின் பெரும்பகுதி குளிர்கலனில் நீராகிவிடும். எஞ்சியதை இழுக்க நீர்வளையப் பம்பே ஏற்றது: மையம் விலகிய சுழலி நீரை உறையின் சுவரோரம் வளையமாக ஒதுக்க, இதழ்களிடையே உள்ள இடம் விரிந்து சுருங்கிக் காற்றைத் தள்ளுகிறது. ஈரம் இதற்குப் பொருட்டல்ல. ஆனால் நீர் சூடேறினால் அதுவே ஆவியாகி வெற்றிடம் தளரும். மாம்பழம் குவிவதோ கோடையில்! எண்ணெயிட்ட சுழல்தகட்டுப் பம்பு இன்னும் ஆழ்ந்த வெற்றிடம் தரும். நீராவி மிகுந்தால் எண்ணெய் பால்போல் வெளுத்துக் கெடும். ஆகவே அந்தப் பம்புக்கு வெற்றிடப் பொட்டலமிடலே பொருத்தம். உலர் திருகுப் பம்பின் அறைக்குள் எண்ணெயும் நீரும் வேண்டாம், விலைதான் தடை.