கவிழ்ந்து கிடந்த மணி

நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர், பழைய கடை ஒன்றின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது பித்தளைப் பாத்திரம் ஒன்றை எடுத்து வந்தார். வாய் அகன்று அடி குவிந்து, தரையில் நிலைகொள்ளாத பாத்திரம். எண்ணெய் அளக்கும் படி என்றார் விற்றவர். தூபக்கலம் என்றார் மற்றொருவர். அடியில் துளை இருந்தமையால் இரண்டும் பொருந்தவில்லை. துளையைச் சுற்றி இரும்புத் துரு. கவிழ்த்துக் கயிற்றில் தொங்கவிட்டு மரக்கோலால் தட்டினோம். நெடுநேரம் ஒலித்தது. நாவிழந்த மணி! பித்தளையும் அன்று, வெண்கலம்.

அன்று அவருக்குச் சொன்ன செய்தியை வாசகர்களுக்கும் சொல்லத் தோன்றுகிறது.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1811 இல் பிறந்த வில்லியம் கொலென்சோ, ஆங்கிலிக்க மறைபரப்புச் சங்கத்தின் அச்சராக 1834 இல் நியூசிலாந்து சென்றார். மவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837 இல் அச்சிட்டு முடித்தவர் அவரே. 1836 வாக்கில் வடதீவின் வாங்காரே பகுதியில், மவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் வெண்கலக் கலம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. உயரம் சுமார் 13 செ.மீ.; விளிம்பு உடைந்தது. புயலில் சாய்ந்த பெருமரத்தின் வேரடியில் கிடைத்தது என்றும், பல தலைமுறையாகத் தங்களிடம் இருப்பது என்றும் அம்மக்கள் கூறினராம். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அதைப் பெற்றுக்கொண்டார் என்பர். கலத்தைச் சுற்றி ஓடிய எழுத்துகளோ, எழுத்துகளைக் கோத்தே வாழ்ந்த அம்மனிதருக்குப் புரியவில்லை.

அவை தமிழெழுத்துகள். இன்றைய எழுத்துமுறையில் தந்தால், “முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி”. இரண்டு ‘உடைய’ வருவதைப் புலவர் ஏற்கமாட்டார். கடற்கரையில் பேசுவோர் வாய்மொழி அப்படியே உலோகத்தில் ஏறியிருக்கிறது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

முகையதீன் என்பது பாக்தாதில் 1166 இல் மறைந்த இறைநேசர் அப்துல் காதிர் ஜீலானியின் சிறப்புப் பெயர். வக்குசு, ‘பக்ஷ்’ என்னும் பாரசீகச் சொல்லின் தமிழ் உரு. கொடை என்பது பொருள். ‘முகையதீன் தந்த கொடை’ என விரிக்கலாம். கப்பலுக்குரியவர் பெயரா, கப்பலின் பெயரேயா என்பதில் இரு கருத்து உண்டு. நம் மீனவர் படகுக்கு ஆரோக்கிய மாதா பெயரையும் அந்தோணியார் பெயரையும் இடுவதை நாள்தோறும் காண்கிறோமே! நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டைத் துறைகளிலிருந்து மரக்காயர் கப்பல்கள் கடாரத்துக்கும் மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் துணியேற்றிச் சென்ற காலம் நீண்டது. கப்பலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லும் ‘கப்பால்’ என்பதே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நியூசிலாந்தைக் கண்ட முதல் ஐரோப்பியர் எனப் பதிவுபெற்ற டாஸ்மன் 1642 இல் அங்கு வருவதற்கு முன்பே தமிழர் சென்றுவிட்டனர் என்பதற்கு இம்மணியைச் சான்றாக மேடைகளில் முழங்குவோர் உண்டு. எழுத்துகளுள் சில பழைய வடிவின ஆதலால் 15ஆம் நூற்றாண்டு என்றனர் சிலர். 17 அல்லது 18 என்பது பின்வந்த ஆய்வாளர் கணிப்பு. பின்னதே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. மேலும், மணி வார்க்கப்பட்ட காலம் வேறு, அது அம்மண்ணில் இறங்கிய காலம் வேறு. மாலுமிகளை இழந்த கப்பல் நீரோட்டத்தில் மிதந்து ஒதுங்கியிருக்கலாம். கைமாறி ஐரோப்பியக் கப்பலில் ஏறியும் போயிருக்கலாம். வெண்கலம் என்றும் விலைபோகும் பொருள். கப்பலின் உடலோ, துணைச்சான்றோ கிடைக்காதவரை, ஒரு மணியை வைத்து ஒரு பயணத்தை எழுதிவிட முடியாது. பெருமையின் பொருட்டு உண்மையை வளைப்பதும் பொய்ச்சான்றே அன்றோ?

கொலென்சோ 1899 இல் காலமானார். அவர் விருப்ப ஆவணத்தின்படி அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்ற மணி, இன்று வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதைக் கேட்டதும் ஏலத்தில் எடுத்த அன்பர் வீட்டுக்கு விரைந்து, புளியும் சாம்பலும் இட்டுத் தம் மணியைத் துலக்கிக்கொண்டு வந்தார். வெயிலில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து, உள்ளும் புறமும் பார்த்தோம். இரண்டு வரைகோடுகள், எழுத்து ஒன்றுகூட இல்லை. நா ஒன்று செய்து மாட்டுவதற்கு இப்போது கொல்லரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.