காப்ளர்: ஒரு பண்டமும் அதன் பாடபேதங்களும்

உணவின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் ஒன்றுண்டு. சமைத்தவர் எழுதவில்லை, எழுதியவர் பெரும்பாலும் சமைக்கவில்லை. அரண்மனை விருந்துகளுக்குச் சான்றுகள் கிடைக்கின்றன. அன்றாட அடுப்புக்குச் சான்று அரிது. அமெரிக்க ஐக்கிய நாட்டில், சிறப்பாக அதன் தென் மாநிலங்களில், இரு நூற்றாண்டுகளாக வீடுதோறும் செய்யப்பட்டுவரும் ‘காப்ளர்’ என்னும் இனிப்புப் பண்டத்தின் கதை இவ்விடரை விளக்கப் போதுமானது.

ஆழமான பாத்திரத்தில் சர்க்கரை கலந்த பழத்துண்டுகள். அவற்றின்மேல் கோதுமை மாவுக் கலவை. பிறகு அனலில் வேக்காடு. இன்றைய காப்ளர் இவ்வளவுதான். ‘பை’ எனப்படும் பண்டத்திற்கு மெல்லியதாகத் தேய்த்த மாவுத்தகடு வேண்டும். அதற்குக் குளிர்ந்த வெண்ணெயும் குழவியும் பழகிய கையும் வேண்டும். காப்ளருக்கு இவை வேண்டா. மாவைக் கரண்டியால் அள்ளி ஆங்காங்கே இட்டால் போதும். வெந்தபின் அதன் மேற்பரப்பு கல் பாவிய பழந்தெருவைப் போல மேடுபள்ளமாக எழும்பி நிற்கும்.

அந்தக் கல் பாவிய தெருவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே பெயர் வந்தது என்பார் சிலர். செருப்புத் தைப்பவரைக் குறிக்கும் சொல்லே இது, கிடைத்ததைக் கொண்டு ஒட்டுப்போட்டுச் செய்வதால் வந்த பெயர் என்பார் வேறு சிலர். 14-ஆம் நூற்றாண்டில் மரக்கிண்ணத்தைக் குறித்த ஒரு பழஞ்சொல்லோடு உறவுபடுத்துவாரும் உளர். மூன்றில் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. சமையலறையில் பிறந்த சொற்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருப்பதில்லை.

அச்சில் இச்சொல்லைத் தாங்கிய தொடக்ககால நூல்களுள் ஒன்று, 1839-இல் லெட்டிஸ் பிரையன் வெளியிட்ட ‘தி கென்டக்கி ஹவுஸ்வைஃப்’. பீச் பழத்தைக் கொண்டு செய்யும் ஒரு பானைப் பண்டத்தின் செய்முறையைத் தரும் அவர், அதனைப் பலரும் காப்ளர் என வழங்குவர் என்று போகிற போக்கில் குறிப்பிடுகிறார். இக்குறிப்பு சிறிதெனினும் பொருள் பொதிந்தது. அச்சேறும் முன்பே பெயர் மக்கள் நாவில் நிலைபெற்றிருந்தது என்பதற்கு இதுவே அகச்சான்று. விருந்தினர் முன் வைக்கத்தக்க நாகரிகம் இதற்கில்லை, ஆனால் வீட்டார் உண்ணச் சிறந்தது என்ற கருத்தையும் அவர் சேர்க்கிறார். 1859-இல் வெளிவந்த ஜான் ரசல் பார்ட்லெட்டின் அமெரிக்க வழக்குச் சொல் அகராதிப் பதிப்பு, தடித்த மாவைப் பானையின் உட்புறம் அப்பி, அதில் பழத்தை இட்டு வேகவைப்பது காப்ளர் என விளக்குகிறது.

அன்று பானையின் உட்புறத்தில் அப்பப்பட்ட மாவு இன்று பழத்தின் மேலே ஏறியிருக்கிறது. இம்மாற்றத்துக்கு வழிசெய்தவற்றுள் வேதியியலும் ஒன்று. 1846-இல் சர்ச், டுவைட் என்னும் இருவர் சமையல் சோடாவை வணிகப் பொருளாக்கினர். 1856-இல் எபன் ஹார்ஸ்ஃபோர்ட் பேக்கிங் பவுடருக்கு உரிய ஓர் அமிலப்பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். புளிக்கவைத்துக் காத்திராமலே மாவைப் பொங்கச் செய்யும் வழி எளிய வீடுகளுக்கும் எட்டியது. காலும் விளிம்புள்ள மூடியும் கொண்ட இரும்புப் பானை முன்னரே இருந்தது. அடியில் கொஞ்சம், மூடியின்மேல் கொஞ்சம் எனத் தணலை வைத்தால் அடுப்பறை இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். மேற்கு நோக்கி வண்டி கட்டிப் போனவர்கள் அப்பானையையும் உலர்ந்த ஆப்பிளையும் உடன் கொண்டு சென்றனர்.

ஒரே பண்டம் ஊருக்கொரு பெயர் பூண்டது. நியூ இங்கிலாந்துப் பகுதியில் இதன் உறவினங்களுக்கு ‘ஸ்லம்ப்’ என்றும் ‘கிரண்ட்’ என்றும் பெயர். கொதிக்கும் பழச்சாறு உறுமும் ஒலியே பின்னதற்குப் பெயராயிற்று என்பர். எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் தம் கான்கார்ட் இல்லத்தை வேடிக்கையாக ‘ஆப்பிள் ஸ்லம்ப்’ என்றே அழைத்தார். வட கரோலினாவின் சர்ரி வட்டாரத்தில் ‘சோங்கர்’ என்பார்கள். அங்கே சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பழத்தின் இடத்தைப் பெறும். இவற்றுள் எது மூலபாடம், எது திரிபு என்று கேட்பது வீண். வாய்மொழி மரபில் எல்லாமே பாடபேதங்கள்தாம்.

பழத்துக்குப் பழம் செய்முறையும் மாறுபடும். பிளாக்பெர்ரி சாறு மிகுந்தது. சோளமாவு சிறிது சேர்க்காவிடில் மேல்மாவு நனைந்து கூழாகிவிடும். ஆப்பிள் எளிதில் மசியாது. மெல்லியதாக அரிந்தோ, முன்னரே சற்று வதக்கியோ இட வேண்டும். புளிப்புச் செர்ரிக்குச் சர்க்கரை கூடுதலாகக் கேட்கும். பீச்சுக்குப் பட்டையும் ஜாதிக்காயும் பொருந்தும். பெர்ரி வகைகளுக்கு எலுமிச்சைத் தோலின் துருவல். பழம் கொதிக்கும்போதே மாவை இட்டால்தான் அதன் அடிப்புறமும் வேகும் என்பது எல்லாவற்றுக்கும் பொதுவிதி.

தென் மாநிலங்களில் இன்னொரு முறையும் பரவலாக உண்டு. ஒரு கோப்பை மாவு, ஒரு கோப்பை சர்க்கரை, ஒரு கோப்பை பால். பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, பேக்கிங் பவுடர் சேர்த்த இக்கலவையை ஊற்றி, மேலே பழத்தைப் பரப்புவர். கிளறக் கூடாது. வேகும்போது மாவு தானே பொங்கி மேலெழுந்து பழத்தைத் தழுவிக்கொள்ளும். ஏடு வேண்டாத, நினைவில் நிற்பதற்கென்றே அமைந்த அளவு இது.

பீச் பழமோ நெடுந்தொலைவு கடந்து வந்தது. சீனத்தில் தோன்றி, பாரசீகம் வழியே ஐரோப்பா சென்று, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரால் அமெரிக்கத் தென்கிழக்குக்கு வந்தது. அங்கிருந்த தொல்குடிகள் அதனைப் பரவலாக வளர்த்தனர். உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபின், பருத்தியையே நம்பியிருந்த ஜார்ஜியாவில் பீச் வணிகப் பயிராயிற்று. 1870-களில் சாமுவேல் ரம்ப் உருவாக்கிய ‘எல்பர்ட்டா’ என்னும் வகை தொடர்வண்டியில் வடக்கே சென்று புகழ்பெற்றது. அத்தோட்டங்களில் பெருமளவு உழைத்தவர்கள் கறுப்பின மக்கள். அதற்கு முந்தைய தலைமுறையில், பண்ணை முதலாளிகளின் அடுக்களைகளில் சமைத்தவர்களும் அவர்களின் தாய்மாரே. அவர்கள் எழுதக் கற்பதைத் தென் மாநிலங்கள் பலவற்றில் சட்டமே தடுத்திருந்தது.

அத்தலைமுறையின் குரல் ஒன்று ஏட்டில் ஏறியது. தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்த அபி ஃபிஷர், பின்னர் கணவருடன் சான்பிரான்சிஸ்கோவில் குடியேறி, ஊறுகாயும் பழப்பாகும் செய்து விற்றார். கண்காட்சிகளில் பரிசுகளும் பெற்றார். அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, 1881-இல் அந்நகரின் மகளிர் கூட்டுறவு அச்சகம் அவரது சமையல் நூலை வெளியிட்டது. தமக்கும் கணவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்பதை முன்னுரையிலேயே அவர் மறைக்காமல் கூறுகிறார். பீச் காப்ளரும் அந்நூலில் உண்டு.

பாடத் திறனாய்வில் பழக்கமுள்ளோர் இந்நூலின் எழுத்துப் பிழைகளைக் கவனிக்க வேண்டும். ‘ஜம்பலாயா’ என்னும் உணவு அதில் ‘ஜம்பர்லி’ என்றிருக்கிறது. ‘சக்கோடாஷ்’ என்பது ‘சர்க்கிட் ஹாஷ்’ ஆகிவிட்டது. எழுதியவர்கள் அவ்வுணவுகளை அறியாதவர்கள். காதில் விழுந்ததை எழுதினார்கள். ஏடு பெயர்த்தெழுதுவோரின் பிழைகளைத் திருத்துவதே பதிப்பாசிரியரின் கடமை எனக் கருதுகிறோம். இங்கே திருத்தினால் இழப்பே மிஞ்சும். அப்பிழைகளில்தான் அபி ஃபிஷரின் தென்னாட்டு உச்சரிப்பு உறைந்திருக்கிறது. இந்நூல் அவர் வாயிலிருந்து வந்ததே என்பதற்கு அவற்றினும் உறுதியான சான்று வேறில்லை.

கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய முதல் சமையல் நூல் இதுவே என நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர், டென்னசியில் அடிமையல்லாத குடும்பத்தில் பிறந்த மலின்டா ரசல் 1866-இல் மிச்சிகனில் அச்சிட்ட சிறுநூல் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. அதன் மறுபதிப்பு 2007-இல் வெளியாயிற்று. மூலப்படியாக அறியப்பட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒற்றைப் படியும் அழிந்திருந்தால் பதினைந்து ஆண்டுக்கால வரலாறு நம் கணக்கிலேயே வந்திராது.

2013-இல் டெக்சாஸ் சட்டமன்றம் பீச் காப்ளரைத் தன் மாநிலத்தின் அதிகாரப்பூர்வக் காப்ளராக அறிவித்தது. விருந்தினர் முன் வைக்கத் தகாதது என 1839-இல் எழுதப்பட்ட பண்டம் அரசாணை பெற்றுவிட்டது. ஆணை கிடைத்தது பண்டத்துக்கு. அதைப் பெயரிட்டு நாவில் வைத்துக் காத்தவர்களுள் பெயரோடு நமக்குக் கிடைப்பவர் சிலரே. மற்றவர்கள் எழுதிவைத்துச் சென்றது ஒன்றுதான்: மாவு ஒன்று, சர்க்கரை ஒன்று, பால் ஒன்று, கிளறக் கூடாது.