ஒரே அணி, இரண்டு இட்டரேட்டர்கள்

ஜாவா மொழியில் அணி பழைய குடி. மொழி பிறந்தபோதே அதுவும் உடன் பிறந்தது. லிஸ்ட், செட் போன்ற தொகுப்புகள் பின்னால் வந்தவை. ஜோஷுவா பிளாக் வடிவமைத்த கலெக்‌ஷன்ஸ் கட்டமைப்பின் பகுதியாக, 1998 டிசம்பரில் வெளியான ஜாவா 1.2 பதிப்பில் அவை நுழைந்தன. இட்டரேட்டரும் அவற்றோடுதான் வந்தது. அதன் வேலை எளியது. ‘இன்னும் உறுப்பு இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ஹேஸ்நெக்ஸ்ட் பதில் சொல்லும். ‘அடுத்ததைக் கொடு’ என்றால் நெக்ஸ்ட் எடுத்துக் கொடுக்கும். உள்ளே தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்பவர் அறிய வேண்டியதில்லை.

லிஸ்டிடமும் செட்டிடமும் இட்டரேட்டர் கேட்டால் கிடைக்கும். அணியிடம் கிடைக்காது. அது தன் நீளத்தைச் சொல்லும்; எண்ணைக் கொடுத்தால் அந்த இடத்து உறுப்பைத் தரும்; அதற்கு மேல் பேசாது. 2004-இல் வந்த ஜாவா 5, ஃபார்-ஈச் சுழற்சியைக் கொண்டுவந்து அணியையும் தொகுப்பையும் ஒரே எழுத்துமுறையில் சுற்ற வழிசெய்தது உண்மைதான். ஆனால் அது கம்பைலர் செய்து தரும் வசதி. எதிரில் இருப்பது அணி என்று கண்டால், அது எண் மாறியை வைத்தே சுழற்சியை எழுதிக்கொள்கிறது; இட்டரேட்டர் எதையும் உருவாக்குவதில்லை. ஆகவே, இட்டரேட்டர் வேண்டும் என்று கேட்கும் ஒரு மெத்தடுக்கு அணியை நேரே கொடுக்க இன்றும் முடியாது. நடுவில் ஓர் உறை தேவை.

அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் என்ற திறமூல நூலகம் அப்படிப்பட்ட உறையை ஒன்றுக்கு இரண்டாகவே வைத்திருக்கிறது. அரே இட்டரேட்டர் 2001-இல் வந்த 1.0 பதிப்பிலேயே இருந்தது. ஆப்ஜெக்ட் அரே இட்டரேட்டர் 2004-இல் வந்த 3.0 பதிப்பில் சேர்ந்தது. வசதிக்காக முன்னதை மூத்தது என்றும் பின்னதை இளையது என்றும் அழைப்போம். மூத்தது எந்த அணியையும் ஏற்கும். இளையது ஆப்ஜெக்ட்டுகளின் அணியை மட்டுமே ஏற்கும். எல்லாவற்றையும் ஏற்கும் ஒன்று கையில் இருக்க, குறைவாக ஏற்கும் இன்னொன்றைப் பின்னால் ஏன் எழுதினார்கள்? இந்த ஒப்பீட்டின் மையக் கேள்வி அதுதான்.

ஒற்றுமைகள்

வெளித்தோற்றத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. இரண்டும் அணியைப் பிரதி எடுப்பதில்லை. அதன் முகவரியை மட்டும் வைத்துக்கொள்கின்றன. அதோடு 3 எண்கள்: தொடக்க இடம், முடிவு இடம், இப்போது நிற்கும் இடம். லட்சம் உறுப்புகள் உள்ள அணியைப் பொதிந்தாலும் உறையின் எடை கூடாது. பிரதி இல்லை என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. சுற்றிக்கொண்டிருக்கும்போதே மூல அணியில் 5-ஆம் இடத்தை யாராவது மாற்றினால், இட்டரேட்டர் அங்கே போய்ச் சேரும்போது புதிய மதிப்பையே தரும். அரேலிஸ்ட்டைச் சுற்றும்போது உறுப்புகளைக் கூட்டினாலோ குறைத்தாலோ எழும் எச்சரிக்கைப் பிழை இங்கே எழாது. அணியின் நீளம் மாறவே மாறாது என்பதால் அந்தக் காவலுக்கு இங்கே வேலையில்லை.

இரண்டும் அணியின் ஒரு பகுதியை மட்டும் சுற்றக்கூடியவை. தொடக்க இடம் கணக்கில் சேரும். முடிவு இடம் சேராது. ஞாயிறு முதல் சனி வரை 7 கிழமைப் பெயர்கள் கொண்ட அணியில் தொடக்கம் 1, முடிவு 6 என்று கொடுத்தால் திங்கள் முதல் வெள்ளி வரையிலான 5 பெயர்கள் மட்டும் வரும். தொடக்கம் சுழியத்துக்குக் கீழே போனாலோ முடிவு நீளத்தைத் தாண்டினாலோ, உருவாக்கும் கணத்திலேயே எல்லை மீறல் பிழை எழும். முடிவு தொடக்கத்துக்கு முந்தியிருந்தால் தவறான உள்ளீடு என்ற பிழை எழும்.

உறுப்பை நீக்கச் சொன்னால் இரண்டும் மறுக்கும். அணியிலிருந்து ஓர் இடத்தை வெட்டி எறிய ஜாவாவில் வழியே இல்லாதபோது, அதன் உறையால் மட்டும் என்ன செய்ய முடியும்? மறுபக்கம், சாதாரண இட்டரேட்டருக்கு இல்லாத ஒரு வசதி இரண்டுக்கும் உண்டு. ரீசெட் என்று சொன்னால் தொடக்கத்துக்குத் திரும்பும். சுழியத்துக்கு அல்ல, நாம் குறித்துக் கொடுத்த தொடக்க இடத்துக்கு.

வாசலில் கேட்பது

வேறுபாடு கட்டமைப்பான் என்ற வாசலில் தொடங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள ஜாவாவின் தரவு வகைகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஸ்டிரிங், டேட் போன்றவை ஆப்ஜெக்ட்டுகள். இன்ட், லாங், டபுள், பூலியன் முதலிய 8 அடிப்படை வகைகள் ஆப்ஜெக்ட்டுகள் அல்ல. ஸ்டிரிங் அணியை ‘ஆப்ஜெக்ட்டுகளின் அணி’ என்ற இடத்தில் வைக்கலாம், மொழி அனுமதிக்கிறது. இன்ட் அணியை அங்கே வைக்க முடியாது. ஆனால் இன்ட் அணி, முழுமையாகப் பார்த்தால், தானே ஓர் ஆப்ஜெக்ட். உள்ளே இருப்பவை ஆப்ஜெக்ட்டுகள் அல்ல. அவற்றைத் தாங்கும் பெட்டி ஆப்ஜெக்ட்.

ஸ்டிரிங் அணி, இன்ட் அணி, பூலியன் அணி ஆகிய அனைத்தையும் ஒரே வாசலில் அனுமதிக்க வேண்டுமென்றால் அந்த வாசலின் வகை வெறும் ஆப்ஜெக்ட் ஆகத்தான் இருக்க முடியும். மூத்தது அதைத்தான் செய்தது. அதன் கட்டமைப்பான் எதையும் வாங்கிக்கொள்ளும்; வந்தது உண்மையில் அணிதானா என்பதை நிரல் ஓடும்போதுதான் பார்க்கும். அணி இல்லையென்றால் அப்போதுதான் பிழை எறியும். இளையது ஆப்ஜெக்ட்டுகளின் அணியைத்தான் கேட்கிறது. 2013-இல் ஜெனரிக்ஸ் வசதியோடு வந்த 4.0 பதிப்புக்குப் பிறகு, எந்த வகை உறுப்புகளின் அணி என்பதையும் சேர்த்தே கேட்கிறது. ஒன்று பயணியை ஏற்றிக்கொண்டு பாதி வழியில் டிக்கெட் பார்க்கிறது. மற்றது படியில் கால் வைக்கும்போதே பார்த்துவிடுகிறது.

வேகம்

வாசலில் விட்டுக்கொடுத்ததற்கு மூத்தது ஒவ்வொரு உறுப்பிலும் விலை கொடுக்கிறது. கையில் இருப்பது எந்த வகை அணி என்று அதற்குத் தெரியாது. ஆகவே அடைப்புக்குறி போட்டு உறுப்பை நேரே எடுக்க இயலாது. ரிஃப்ளெக்‌ஷன் பொதியில் உள்ள அரே கிளாஸின் கெட் மெத்தடைக் கூப்பிட வேண்டும். அந்த மெத்தட் ஜாவாவில் எழுதப்பட்டதல்ல, ஜாவா இயந்திரத்துக்குள் நேட்டிவாக உள்ளது. ஒவ்வொரு அழைப்பிலும் அது அணியின் வகையைப் பார்த்து அதற்கேற்ப உறுப்பை எடுத்துத் தரும்.

உறுப்பு இன்ட் என்றால் வேலை இன்னும் கூடும். நெக்ஸ்ட் திருப்பித் தர வேண்டியது ஆப்ஜெக்ட்; ஆகவே வெறும் எண்ணை இன்டிஜர் என்ற ஆப்ஜெக்ட்டுக்குள் போட்டுத்தான் தர முடியும். 4 பைட் எண்ணுக்கு, வழக்கமான 64-பிட் ஹாட்ஸ்பாட் இயந்திரத்தில், 16 பைட் ஆப்ஜெக்ட். லட்சம் எண்களைச் சுற்றினால் கணப்பொழுது வாழும் லட்சம் ஆப்ஜெக்ட்டுகள் உருவாகிக் குப்பைக்குப் போகும்.

இளையதற்கு இந்தச் சுமை எதுவும் இல்லை. அணியின் வகை தெரியும். ஆகவே இடத்தைக் குறித்து நேரே எடுக்கிறது. உறுப்பு ஏற்கெனவே ஆப்ஜெக்ட். ஆகவே புதிதாகப் பொதிய வேண்டியதில்லை. ஆப்ஜெக்ட் அணி என்று உறுதியாகத் தெரிந்தால் இளையதே மேல், அது வேகமாக இயங்கும் என்று மூத்ததன் ஆவணக் குறிப்பே சொல்கிறது. அந்தக் குறிப்பு இளையது பிறந்த காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

தவறு எங்கே வெளிப்படும்

வேகத்தைவிட முக்கியமானது பிழை வெளிப்படும் இடம். ‘ஸ்டிரிங் தரும் அரே இட்டரேட்டர்’ என்று அறிவித்துவிட்டு உள்ளே இன்ட் அணியைக் கொடுத்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. வாசல் ஆப்ஜெக்ட் என்பதால் அதற்குத் தடுக்கக் காரணமில்லை. இட்டரேட்டரும் ஒழுங்காக உருவாகும். ஹேஸ்நெக்ஸ்ட்டும் ‘உண்டு’ என்றே சொல்லும். நெக்ஸ்ட் தந்த இன்டிஜரை ஸ்டிரிங் மாறியில் வாங்கும்போதுதான் வகை மாற்றப் பிழை வெடிக்கும். அந்த வரி வேறொரு கோப்பில், வேறொருவர் எழுதிய மெத்தடில் இருக்கலாம். பிழை விழுந்த இடம் ஒன்று, பிறந்த இடம் இன்னொன்று. பெரிய திட்டங்களில் நேரத்தைத் தின்பது இந்தத் தூரம்தான்.

இளையதிடம் ‘ஸ்டிரிங்’ என்று சொல்லிவிட்டு டேட் அணியைக் கொடுத்தால் நிரல் கம்பைலே ஆகாது. தவறு எழுதியவரின் திரையிலேயே சிவப்புக் கோடாக நிற்கும்.

இளையதன் ஓட்டை

இதோடு நிறுத்தினால் இளையதே எல்லா வகையிலும் வென்றது போலாகிவிடும். அதற்கும் ஓர் ஓட்டை உண்டு. முழு அணியை வாங்கும் அதன் கட்டமைப்பான், உறுப்புகளைக் கமா போட்டு அடுக்கிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்படி, வேர்-ஆர்க்ஸ் முறையில் எழுதப்பட்டிருக்கிறது. வகையை வெளிப்படச் சொல்லாமல் இன்ட் அணியை அங்கே கொடுத்தால் கம்பைலர் இப்படிக் கணக்குப் போடும்: இது ஆப்ஜெக்ட்டுகளின் அணி அல்ல, ஆனால் தானே ஓர் ஆப்ஜெக்ட், ஆகவே இதை ஒரே உறுப்பாகக் கொண்ட புதிய அணி செய்து கொடுப்போம். விளைவாக 100 எண்களைச் சுற்ற நினைத்தவருக்கு ஒரே சுற்று கிடைக்கும். அந்தச் சுற்றில் முழு இன்ட் அணியும் ஓர் உறுப்பாக வந்து விழும். ஜாவாவின் அரேஸ் கிளாஸில் உள்ள ஆஸ்லிஸ்ட் மெத்தடுக்கு இன்ட் அணியைக் கொடுத்தால் நீளம் 1 என்று காட்டும் புதிரும் இதே வகைதான்.

மூத்ததா இளையதா என்ற தேர்வை நமக்காகச் செய்யவே இதே நூலகத்தின் இட்டரேட்டர் யூட்டில்ஸ் கிளாஸில் அரேஇட்டரேட்டர் என்ற பெயரிலேயே இரு மெத்தடுகள் உள்ளன. ஒன்று ஆப்ஜெக்ட்டை வாங்கி மூத்ததைத் தரும். மற்றது வேர்-ஆர்க்ஸ் வாங்கி இளையதைத் தரும். ஸ்டிரிங் அணியைக் கொடுத்தால் கம்பைலர் குறிப்பான பொருத்தத்தைத் தேடி இளையதைத் தேர்கிறது. இன்ட் அணியைக் கொடுத்தால் மூத்தது வருகிறது. இதுவரை சரி. ஆனால் அணியே இல்லாமல் ஒற்றை ஸ்டிரிங்கைக் கொடுத்துப் பாருங்கள். வேர்-ஆர்க்ஸைக் கடைசியில்தான் கம்பைலர் பரிசீலிக்கும் என்பது மொழி விதி. ஆகவே முதலில் பொருந்துவது ஆப்ஜெக்ட் வாங்கும் மெத்தடே. மூத்தது வந்து, அணி அல்லாததைப் பெற்று, ஓடும்போது பிழை எறியும். அதே இடத்தில் இரண்டு ஸ்டிரிங்குகள் கொடுத்தால் இளையது வந்து ஒழுங்காக ஓடும்.

எழுதவும் வல்ல உறவுகள்

இரண்டுக்கும் முன்னும் பின்னும் நகரும், உறுப்பை மாற்றவும் செய்யும் விரிவுகள் உண்டு: அரே லிஸ்ட் இட்டரேட்டர், ஆப்ஜெக்ட் அரே லிஸ்ட் இட்டரேட்டர். சேர்ப்பதும் நீக்குவதும் இவற்றுக்கும் இயலாது. நின்ற இடத்தில் மதிப்பை மாற்ற மட்டும் முடியும். இங்கே வந்ததும் ஜாவா அணியின் பழைய பலவீனம் தலைகாட்டுகிறது. ஸ்டிரிங் அணியை ஆப்ஜெக்ட் அணியாக நடிக்க விட்டு, அதில் இன்டிஜரை எழுத முயன்றால் அரே ஸ்டோர் எக்ஸெப்‌ஷன் எழும். வாசிக்க மட்டும் தெரிந்த இளையதிடம் இந்த ஆபத்து இல்லை. ஆகவே மாற்றத் தேவையில்லாத இடத்தில் லிஸ்ட் இட்டரேட்டரைக் கையில் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

பதிப்புகளின் போக்கும் இதே திசையைக் காட்டுகிறது. 3-ஆம் வரிசைப் பதிப்புகளில் அணி இல்லாமலே இட்டரேட்டரை உருவாக்கிப் பிறகு அணியைப் பொருத்தலாம். மூத்தது அதை எத்தனை முறையும் மாற்ற அனுமதித்தது. இளையது ஒரு முறைக்கு மேல் அனுமதிக்கவில்லை. 4.0-இல் அந்த மெத்தடே போய்விட்டது. உருவாகும்போது கிடைத்த அணிதான் கடைசி வரைக்கும். மூத்ததும் இந்த விஷயத்தில் இளையதன் வழிக்கு வந்துவிட்டது.

எதை, எப்போது?

2014-இல் ஜாவா 8 வந்த பிறகு நூலகம் இல்லாமலே பல வேலைகள் நடக்கின்றன. ஆப்ஜெக்ட் அணியின் ஒரு பகுதியை ஸ்ட்ரீமாக்கி அதிலிருந்து இட்டரேட்டர் வாங்கலாம். இன்ட், லாங், டபுள் அணிகளுக்கு எண்ணை ஆப்ஜெக்ட்டாகப் பொதியாமலே தரும் தனி இட்டரேட்டர்கள் கிடைக்கின்றன. அந்த வகையில் அவை மூத்ததை வென்றுவிட்டன. ஆனால் பைட், ஷார்ட், கேர், ஃப்ளோட், பூலியன் ஆகிய 5 வகை அணிகளுக்கு அரேஸ் கிளாஸ் நேரடி ஸ்ட்ரீம் தருவதில்லை. ரீசெட்டும் அங்கே இல்லை.

ஆகவே தீர்ப்பு இதுதான். ஆப்ஜெக்ட் அணி என்று தெரிந்த எல்லா இடத்திலும் இளையதையே எடுங்கள்; எடுக்கும்போது உறுப்பின் வகையை வெளிப்பட எழுதுங்கள், வேர்-ஆர்க்ஸ் ஓட்டை அடைபடும். எந்த வகை அணி வரும் என்று நிரல் ஓடும் வரை தெரியாத இடங்களுக்கும், ஸ்ட்ரீம் கிடைக்காத அந்த 5 வகைகளுக்கும் மூத்ததை வைத்துக்கொள்ளுங்கள். காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் ஏற்கெனவே இருக்கும் திட்டத்துக்குத்தான் இந்த யோசனை. ஓர் அணியைச் சுற்றுவதற்காக மட்டும் அந்த நூலகத்தைப் புதிதாகச் சேர்க்க வேண்டாம். அணியைச் சுற்றிவிட்டு விடுவதுதான் வேலை என்றால் இரண்டுமே தேவையில்லை; ஃபார்-ஈச் போதும்.