சென்சார் உள்ளதும் இல்லாததும்

சிகாமட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டப் பாதைகள் ஆர்சி கார்களுக்குக் கடுமையான களம். வெயிலில் செம்மண் தூசு பறக்கும். மழை விழுந்தால் அதுவே வழுக்கும் சேறு. அத்தகைய பாதையில் ஓடும் பிரஷ்லெஸ் காருக்குச் சென்சார் உள்ள மோட்டார் ஏற்றதா, இல்லாதது ஏற்றதா? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெயர்கள் சொல்லும் அளவுக்கு அவை எதிரெதிரானவை அல்ல.

முன்னதில் மூன்று ஹால் சென்சார்கள் ரோட்டரின் காந்தத்தை நேரடியாக உணர்கின்றன. பின்னதிலோ, மூன்று சுருள்களில் இரண்டு மின்னோட்டத்தைச் சுமக்க, ஓய்ந்திருக்கும் மூன்றாவதில் அதே காந்தம் தூண்டும் மின்னழுத்தத்தை, மோட்டாரை இயக்கும் மின்னணு வேகக் கட்டுப்படுத்தியான இஎஸ்சி கவனிக்கிறது. ஆகவே ‘சென்சார் இல்லாதது’ என்பது பாதி உண்மைதான். அங்கே ஓய்விலிருக்கும் சுருளே சென்சார்; அந்தப் பொறுப்பும் முறைவைத்துக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. முன்னது 1879இல் எட்வின் ஹால் கண்ட விளைவை நம்புகிறது. பின்னது 1831இல் ஃபாரடே கண்டதை.

துல்லியத்தில்தான் எதிர்பாராத உறவு வெளிப்படுகிறது. ஹால் சென்சார்கள் ரோட்டரின் இடத்தை இடைவிடாமல் அளப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் மூன்றும் சேர்ந்து காட்டுவது ஆறே நிலைகள். ஒவ்வொன்றும் மின்கோணத்தில் 60 பாகை அகலம். சுருள் வழியும் ஒரு மின்சுழற்சிக்கு ஆறு முறைதான், தூண்டிய மின்னழுத்தம் சுழியைக் கடக்கும்போது, செய்தி தருகிறது. ஹாலின் செய்தி, மின்னோட்டத்தை மாற்றவேண்டிய கணத்திலேயே வந்துவிடும். சுழிக்கடப்பு 30 பாகை முன்னதாக வரும். எஞ்சிய தூரத்தை இஎஸ்சி நேரக்கணக்கால் ஊகிக்கிறது. ஆனால் வேகம் கூடும்போது டைமிங்கை முன்தள்ளும் சென்சார் இஎஸ்சியும் இதே ஊகத்தைத்தான் செய்கிறது. நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓடினால் நொடிக்கு 6,000 மாற்றங்கள். அந்த ஓட்டத்தில் இரண்டுமே கடந்துபோன அடையாளத்தை வைத்து வரப்போவதைக் கணிப்பவை.

கார் நிற்கும்போதுதான் வழிகள் பிரிகின்றன. காந்தம் அசையாவிட்டால் ஹால் சென்சார் அப்போதும் பேசும், சுருள் மௌனமாகிவிடும். அதனால் சென்சார் இல்லாத இஎஸ்சி, ரோட்டர் எங்கிருக்கிறதென்று தெரியாமலே சுருள்களை வரிசையாக இயக்கித் தள்ளிப் பார்க்கிறது. விமானத்தின் விசிறிக்கு அது போதும். தொடக்கத்தில் காற்றின் எதிர்ப்பு சொற்பம். செம்பனை வேரில் முட்டி நிற்கும் காருக்குப் போதாது: சக்கரம் முன்னும் பின்னும் குலுங்கும், நகராது.

சேறு இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றுகிறது. மூன்று தடித்த வயர்களோடு சென்சார் மோட்டாருக்கு மெல்லிய ஆறு இழைகளும் ஒரு சிறு இணைப்பியும் கூடுதல். அதில் ஈரம் புகுந்தாலோ செருகு தளர்ந்தாலோ, எந்தக் குலுக்கலைத் தவிர்க்க அதை வாங்கினோமோ அதே குலுக்கல் வந்துசேரும்.

காஸ்டில் நிறுவனத்தின் சில இஎஸ்சிகள் புறப்படும்போது ஹாலைக் கேட்டு, வேகம் பிடித்ததும் சுருளுக்கு மாறுகின்றன. இரண்டின் பலத்தையும் சரியாகப் புரிந்துகொண்ட ஏற்பாடு இது என்பேன். அது கைக்கு எட்டாவிட்டால், பாதையில் விரைந்தோடும் காருக்குச் சென்சார் இல்லாத மோட்டாரே என் தேர்வு. வேரும் கல்லும் ஏறும் கிராலருக்குச் சென்சார் உள்ளதை வாங்கி, அதன் இணைப்பியில் முதல் வேலையாக டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவுவேன்.